மாணவராக வந்த பாதிரியார்கள்
மும்பையில் ஸ்பானியத் துறவிகளின் அன்றாட வாழ்க்கை

1920களின் தொடக்கத்திலிருந்து 1960கள் வரை ஸ்பெயினிலிருந்து இளம் துறவிகள் மும்பைக்கு வந்தபடி இருந்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். இயேசு சபையில் சேர்ந்து முதல் வாக்குறுதிகளை எடுத்திருந்தார்கள். பலருக்குக் குருப்பட்டம் கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. வீட்டில் பேசி வளர்ந்தது ஸ்பானியம் அல்லது கத்தலான். சபையில் படித்தது இலத்தீன். மும்பையில் இறங்கியதும் ஆங்கிலம் வேண்டியிருந்தது. பிறகு அனுப்பப்படும் ஊரைப் பொறுத்து மராத்தியோ, குஜராத்தியோ, கொங்கணியோ கற்க வேண்டியிருந்தது.

இவர்கள் போதிக்க வந்தவர்கள் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் வந்த முதல் பத்தாண்டுகளில் இவர்களுடைய அன்றாட வேலை பெரும்பாலும் படிப்பதுதான். மொழி, தத்துவம், இறையியல், வீட்டு வழக்கங்கள், சாப்பாட்டு முறை என்று எல்லாவற்றையும் புதிதாகக் கற்றார்கள். இந்தப் படிப்பை மனமொப்பி ஏற்றவர்களின் பெயர்தான் பிற்காலத்தில் நிலைத்தது.

மும்பைக்கு ஏன் ஸ்பானியர்?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மும்பையில் இயேசு சபைப் பணியை ஜெர்மானியர்கள் நடத்திவந்தார்கள். தோபி தலாவ் பகுதியில் உள்ள புனித சவேரியார் கல்லூரியை 1869இல் தொடங்கியவர்கள் அவர்களே. முதல் உலகப் போர் வெடித்ததும் பிரிட்டிஷ் அரசு அவர்களை எதிரி நாட்டவர் என்று கருதிக் காவலில் வைத்தது. பிறகு நாட்டைவிட்டு அனுப்பியது. கல்லூரியும் பள்ளிகளும் பங்குகளும் ஆளில்லாமல் தவித்தன. போருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு ஸ்பெயினின் அரகோன் மாநில இயேசு சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. பார்சலோனாவும் அதன் சுற்றுப்புறமும் அந்த மாநிலத்துக்குள் அடக்கம். எனவே வந்தவர்களில் கத்தலோனியர்கள் மிகுதி.

ஸ்பெயினின் நிலைமையும் இளைஞர்களை வெளியே தள்ளியது. 1932இல் அந்நாட்டுக் குடியரசு இயேசு சபையைக் கலைத்தது. பயிற்சி இல்லங்கள் இத்தாலிக்கும் பெல்ஜியத்துக்கும் இடம்பெயர்ந்தன. 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. போரில் சொந்தங்களை இழந்த ஒரு தலைமுறை துறவு மடங்களில் சேர்ந்தது. அவர்களில் பலர் தொலைதூரப் பணிக்குத் தாமாகவே பெயர் கொடுத்தார்கள்.

பயணம் கப்பலில். சூயஸ் கால்வாய் வழியாக வாரக்கணக்கில் பயணம் செய்து மும்பைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். போவது வாழ்நாள் முழுவதற்கும் என்பதே அக்காலத்து எண்ணம். இடையில் விடுமுறைக்கு ஊர் திரும்பும் வழக்கம் பிற்பாடுதான் பரவலாயிற்று. பெற்றோரிடம் விடைபெற்ற பலர் அவர்களை மறுபடி பார்க்கவே இல்லை.

முத்துக்குளித்துறையில் முன்னோடி

ஸ்பானிய மண்ணிலிருந்து வந்த ஒரு துறவி இந்திய மொழியோடு மல்லுக்கட்டிய கதையைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். நவார் நாட்டுப் பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அதே ஆண்டு இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 36. தாய்மொழி பாஸ்கு.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் அந்த நாட்களின் ஒழுங்கு தெளிவாகத் தெரிகிறது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த சிலரைக் கூட்டிச் சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றைத் தமிழில் எழுதவைத்தார். அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைச் சேர்த்தார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பாடம். கற்ற பிள்ளைகள் வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடி ஒன்றாகச் சொல்ல வேண்டும். நோயாளிகள் பலர் அழைத்தபோது எல்லா வீடுகளுக்கும் போக முடியாமல், செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார்.

சவேரியார் தமிழில் சரளமாகப் பேசும் அளவுக்குக் கற்கவில்லை. அங்கே தங்கிய காலமும் குறைவு. அவருக்குப் பின் வந்த போர்த்துக்கீசியர் அன்றீக்கு அடிகளார் அந்தக் குறையைத் தீர்த்தார். மீனவர்களிடையே தங்கித் தமிழைப் படித்து, அதற்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய உழைப்பின் விளைவு. மொழியில் ஊறினால்தான் பணி வேர்பிடிக்கும் என்ற பாடத்தை இயேசு சபை அந்தக் கடற்கரையில் கற்றுக்கொண்டது. மும்பைக்கு வந்த ஸ்பானியர்களுக்கும் அந்தப் பாடமே விதியாயிற்று.

ஒரு நாளின் ஒழுங்கு

இயேசு சபைப் பயிற்சி மிக நீண்டது. முதலில் நவதுறவு என்னும் இரண்டு ஆண்டுத் தொடக்கப் பயிற்சி. அதன் முடிவில் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குறுதிகள். பிறகு மொழி, இலக்கியப் படிப்பு. தத்துவம் மூன்று ஆண்டு. பள்ளியில் ஆசிரியப் பணி இரண்டு அல்லது மூன்று ஆண்டு. இறையியல் நான்கு ஆண்டு. இறையியலின் மூன்றாம் ஆண்டு முடிவில் குருப்பட்டம். கடைசியில் மேலும் ஓர் ஆண்டு ஆன்மிகப் பயிற்சி. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் எல்லாவற்றையும் முடிக்கும்போது முப்பதைத் தாண்டியிருப்பார்.

மும்பைப் பகுதியைச் சேர்ந்த குருமாணவர்களின் படிப்பு பல ஊர்களில் நடந்தது. அந்தேரியில் விநயாலயா என்ற இல்லம் இருந்தது. கொடைக்கானல் மலையில் செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி தத்துவப் படிப்புக்குப் பெயர்பெற்றது. இறையியலுக்கு முன்பு டார்ஜிலிங் மலையில் உள்ள கர்சியாங்குக்குப் போனார்கள். 1955க்குப் பிறகு புனேயில் தெ நோபிலி கல்லூரி அமைந்தது. மதுரையில் தமிழ் கற்றுத் தமிழ்த் துறவிகளைப் போல வாழ்ந்த இராபர்ட் தெ நோபிலியின் பெயர் அது.

இடம் எதுவானாலும் நாளின் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றே. விடியற்காலை ஐந்து மணி அளவில் மணி அடிக்கும். எழுந்து குளித்து முடித்ததும் ஒரு மணி நேரம் மௌனத் தியானம். அதற்கான பொருளை முந்தின இரவே குறித்துவைத்திருக்க வேண்டும். பிறகு திருப்பலி. அன்று அதைப் பூசை என்பார்கள்; முழுவதும் இலத்தீனில். காலை உணவுக்குப் பின் வகுப்புகள். தத்துவமும் இறையியலும் இலத்தீனிலேயே நடந்தன. தேர்வும் இலத்தீனில் வாய்மொழியாக.

நண்பகல் உணவுக்கு முன் கால் மணி நேரம் ஆன்ம சோதனை. காலையிலிருந்து செய்தது, பேசியது, நினைத்தது எல்லாவற்றையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, எங்கே தவறினோம், எங்கே அருள் கிடைத்தது என்று கண்டுகொள்வது அதன் நோக்கம். இரவு படுக்கும் முன் மறுபடி ஒரு தடவை. சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் மற்றச் செபங்களைக் காட்டிலும் இதை வற்புறுத்தினார். இன்றும் இயேசு சபையினர் கைவிடாத பழக்கம் இது.

சாப்பிடும்போது பேச்சு கிடையாது. ஒருவர் மேடையில் நின்று புனிதர் வரலாறோ வேறு நூலோ வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடி உண்பார்கள். பிறகு அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் உரையாடல். பிற்பகலில் படிப்பு, தோட்ட வேலை, விளையாட்டு. மாலையில் செபமாலை, இரவு உணவுக்கு முன் மன்றாட்டு மாலை. இரவு உணவுக்குப் பின்னும் சிறிது நேரம் பேச்சு. அதன் பிறகு மறுநாள் காலைவரை மௌனம். வாரத்தில் ஒரு நாள், பல இல்லங்களில் வியாழக்கிழமை, படிப்புக்கு விடுமுறை. அன்று நெடுந்தூரம் நடப்பார்கள்.

கையில் காசு இருக்காது. புதுச் செருப்போ பேருந்துக் கட்டணமோ வேண்டுமென்றால் இல்லத் தலைவரிடம் கேட்க வேண்டும். வீட்டுக்கு எழுதும் கடிதமும் வீட்டிலிருந்து வரும் கடிதமும் அவர் பார்வைக்குப் போய்த்தான் வரும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்த பிறகு இந்தக் கட்டுப்பாடுகளில் பல தளர்ந்தன. பூசையும் மக்களின் மொழிக்கு மாறியது. தாராவி போன்ற இடங்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் மொழியிலேயே திருப்பலி காணும் நிலை இந்த மாற்றத்தால் வந்ததுதான்.

இந்த ஒழுங்கில் ஒரு கருத்து இருந்தது. அயல் ஊரில், அயல் மொழியில், உறவுகள் இல்லாமல் வாழும் இளைஞனுக்குத் தனிமை பெரிய சோதனை. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வேலையும், சுற்றிலும் தோழர்களும் இருந்ததால் அதைத் தாங்க முடிந்தது. இல்லத்தைவிட்டுத் தனியாகக் கிராமத்துக்குப் போனவர்களுக்கு இந்தத் துணை குறைந்தது. அங்கே அவர்களைத் தாங்கியது அந்த ஊர் மக்களின் பேச்சும் பாசமும்தான். அதற்கு மொழி வேண்டும்.

மொழி என்னும் முதல் பணி

ஸ்பானியம் பேசுபவருக்கு இந்திய மொழிகளில் முதலில் தடுக்குவது ஒலி. ட, ண, ள போன்ற நாவை மடித்துச் சொல்லும் எழுத்துகள் ஸ்பானியத்தில் இல்லை. மராத்தியிலும் குஜராத்தியிலும் கூடுதலாக மூச்சை அழுத்திச் சொல்லும் ஒலிகளும் உண்டு. எழுத்துமுறையும் புதிது, வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும் அமைப்பும் புதிது. ஆசிரியரிடம் உட்கார்ந்து மாதக்கணக்கில் அடிப்படை படித்த பிறகு, அந்த மொழி பேசும் ஊருக்கோ பள்ளிக்கோ அனுப்புவார்கள். பள்ளிப் பிள்ளைகளே அடுத்த ஆசிரியர்கள். தப்பாகப் பேசினால் சிரித்துத் திருத்துவார்கள்.

மொழி கற்பதில் மிக உயர்ந்த நிலையை எட்டியவர் கார்லோஸ் கொன்சாலஸ் வாலேஸ். 1925இல் ஸ்பெயினின் லொக்ரோஞோ நகரில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார். பதினைந்தாம் வயதில் இயேசு சபையில் சேர்ந்து 1949இல் இந்தியா வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1953இல் பட்டம் பெற்றார். அகமதாபாத்தில் தொடங்கவிருந்த கல்லூரியில் கணிதம் கற்பிக்க அவரைத் தயார்படுத்தினார்கள்.

கற்பித்தல் ஆங்கிலத்தில் என்பதால் குஜராத்தி ஓரளவு தெரிந்தால் போதும் என்று அவர் இருந்திருக்கலாம். அவர் அதற்கு உடன்படவில்லை. மாணவர்கள் கணக்குப் போடுவது ஆங்கிலத்தில், வாழ்வது குஜராத்தியில் என்று கண்டார். குஜராத்தி வகுப்பு முடிந்ததும் வல்லப் வித்யாநகரில் குஜராத்தி மாணவர்கள் தங்கும் விடுதியில் ஒருவராகச் சேர்ந்துகொண்டார். அறையிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் அந்த மொழியைத் தவிர வேறெதுவும் காதில் விழாத இடம் அது.

1960இல் அகமதாபாத் புனித சவேரியார் கல்லூரியில் பணியேற்றார். அதே ஆண்டில் 'சதாச்சார்' என்ற முதல் குஜராத்தி நூலை எழுதினார். வெளியிட எவரும் முன்வராததால் அவருடைய தாய் பணம் அனுப்பி உதவினார். அந்த நூல் வாசகர்களிடம் வரவேற்பு பெற்றது. இதழ்களில் தொடர்ந்து எழுதினார். குஜராத்தியில் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. 1978இல் குஜராத்தி இலக்கியத்தின் உயர்ந்த விருதான ரஞ்சித்ராம் சுவர்ண சந்திரக் அவருக்குக் கிடைத்தது. குஜராத்தைத் தாயகமாகக் கொள்ளாத ஒருவர் அதைப் பெற்றது அப்போது பெரிய செய்தி.

1970களில் அவர் இன்னும் ஓர் அடி வைத்தார். கல்லூரித் துறவியர் இல்லத்தைவிட்டு வெளியேறி, அகமதாபாத்தின் பழைய நகரத் தெருக்களில் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளில் சில நாட்கள் என்று தங்கத் தொடங்கினார். கையில் ஒரு சிறு பை. அவர்கள் உண்பதையே உண்டு, அவர்கள் விரிக்கும் பாயில் படுத்து, காலையில் சைக்கிள் ஏறிக் கல்லூரிக்குப் போவார். சில நாட்களில் அடுத்த வீடு. ஏறக்குறைய பத்தாண்டுகள் இப்படி வாழ்ந்தார். அவருக்கு இடம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் சமணர்களும். அவரும் எவரையும் மதம் மாறச் சொல்லவில்லை. குஜராத் மக்கள் அவரைத் தங்கள் மொழியின் எழுத்தாளராகவே ஏற்றுக்கொண்டார்கள். 2020 நவம்பரில் மத்ரிதில் அவர் காலமானபோது குஜராத்தி இதழ்கள் அவரை அப்படியே நினைவுகூர்ந்தன.

கல்லூரியில் ஒரு வரலாற்று மாணவர்

மும்பை நகரத்தில் பணியாற்றிய ஸ்பானியர்களில் முதன்மையானவர் ஹென்றி ஹேராஸ். பார்சலோனாவில் 1888இல் பிறந்த அவர் 1922 நவம்பரில் மும்பை வந்தபோது 34 வயதுக் குரு. ஐரோப்பிய வரலாறு படித்தவர். புனித சவேரியார் கல்லூரியில் எந்த வரலாற்றைக் கற்பிக்க விருப்பம் என்று கேட்டபோது இந்திய வரலாறு என்றாராம். அதைப் பற்றி அவருக்கு அப்போது எதுவும் தெரியாது. இனிமேல் படிப்பேன் என்றாராம். கல்லூரியில் இன்றும் சொல்லப்படும் செய்தி இது.

சொன்னபடி படித்தார். 1926இல் கல்லூரியில் இந்திய வரலாற்று ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். காலை செபமும் பூசையும் முடிந்தால் வகுப்பு. மிச்ச நேரம் நூலகம், கல்வெட்டுப் படிகள், நாணயங்கள். விடுமுறை கிடைத்தால் மாணவர்களோடு பழைய நகரங்களுக்கும் கோயில்களுக்கும் பயணம். வெள்ளை அங்கியும் தாடியுமாக அவர் கோயில் சிற்பங்களைப் படம் பிடித்துக் குறிப்பெடுத்தார். மும்பை வந்த ஐந்தே ஆண்டுகளில், 1927இல், விஜயநகரத்தின் ஆரவீடு மரபைப் பற்றிய நூல் வெளிவந்தது. 1933இல் பல்லவர் வரலாறு பற்றிய ஆய்வுகள் வந்தன. தென்னிந்திய வரலாற்றை எழுதுவோர் இன்றும் புரட்டும் நூல்கள் அவை.

தமிழர்கள் அவரை நினைவில் வைக்கக் காரணம் சிந்துவெளி. மொகஞ்சதாரோ முத்திரைகளில் உள்ள எழுத்துகள் திராவிட மொழி ஒன்றைக் குறிக்கின்றன என்று வாதாடிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். மீன் வடிவக் குறி திராவிடத்தில் விண்மீனையும் குறிக்கக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தவர் அவரே. அவருடைய வாசிப்புகளில் பலவற்றைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆனால் மீன் குறி பற்றிய அந்தக் கருத்தைப் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா முதலானோர் எடுத்து வளர்த்தார்கள். 1953இல் சிந்துவெளி பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. 1955 டிசம்பரில் மும்பையிலேயே இறந்தார். 1981இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் தொடங்கிய நிறுவனம் அவர் பெயரிலேயே கல்லூரிக்குள் இயங்குகிறது.

மும்பையில் பணிக்கு வந்த அயல்நாட்டுத் துறவிகள் ஸ்பானியர் மட்டுமல்ல. தமிழர் மிகுந்த மாதுங்காவில் உள்ள தொன் போஸ்கோ பள்ளி சலேசிய சபையினருடையது. அங்கே 1957இல் எழுந்த மாதா திருத்தலத்துக்கு உழைத்த ஆவுரேலியோ மாஸ்கியோ, பதின்வயதிலேயே இத்தாலியிலிருந்து இந்தியா வந்தவர். அவரும் முதலில் அசாம் பகுதியில் மாணவராகவே தொடங்கினார்.

கிராமத்தில்: மன்மாடு

கல்லூரிக்கு நேர்மாறான வாழ்க்கை கிராமத்துப் பணி. அன்றைய தாணே மாவட்டத்தின் தலாசரி போன்ற பழங்குடிப் பகுதிகளிலும், நாசிக், அகமதுநகர் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலும் குருக்கள் ஒருவர் அல்லது இருவராக வாழ்ந்தார்கள். காலைப் பூசை முடிந்ததும் பள்ளி, மருந்துக் கூடம், வழக்குத் தீர்ப்பது, கடன் பத்திரம் படித்துச் சொல்வது என்று நாள் ஓடும். சைக்கிளிலோ மாட்டு வண்டியிலோ பல ஊர்களைச் சுற்றி வருவார்கள். ஒவ்வோர் ஊரிலும் உபதேசியார் ஒருவர் இருப்பார். பாதிரியார் இல்லாத நாட்களில் செபம் நடத்துவதும், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று வந்து சொல்வதும் அவர்தான். இளம் குருவுக்குக் கிராமத்தை அறிமுகப்படுத்துபவரும் அவரே.

இந்த வாழ்க்கையிலிருந்து எழுந்த பெயர் விசென்ட் ஃபெரர். 1920இல் பார்சலோனாவில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் இளம் வயதிலேயே குடியரசுப் படையில் சேர்க்கப்பட்டார்; தோல்விக்குப் பின் பிரான்சின் அகதி முகாமில் அடைபட்டார். 1944இல் இயேசு சபையில் சேர்ந்து 1952 பிப்ரவரியில் மும்பை வந்தார். பயிற்சி முடிந்து நாசிக் மாவட்டத்தின் மன்மாடு இரயில் சந்திப்புக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே உழவர்களின் துயரம் தண்ணீர். கிணறு வெட்டப் பணமில்லை. வெட்டும் நாட்களில் கூலி வேலைக்குப் போக முடியாது என்பதால் வீட்டில் சாப்பாடும் இல்லை. ஃபெரர் கோதுமையும் எண்ணெயும் கொடுத்தார். தண்ணீர் இறைக்கும் எந்திரங்களுக்குக் கடன் கொடுத்தார். தம் நிலத்தில் தம் கிணற்றைத் தாமே வெட்டும் உழவன் அதற்கு உணவும் பெறுகிறான் என்பது அவர் முறை. விளைச்சல் வந்ததும் கடனைத் திருப்பித் தர வேண்டும். ஊருக்கு ஊர் கிணறுகள் பெருகின.

செல்வாக்கு வளர்ந்ததும் எதிர்ப்பும் வளர்ந்தது. மதமாற்றமே நோக்கம் என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். 1968இல் அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கான உழவர்கள் மன்மாடிலிருந்து மும்பை நோக்கி நடந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிரதமர் இந்திரா காந்தி தலையிட்டார்: ஃபெரர் சிறிது காலம் வெளிநாடு போய்வரட்டும், திரும்பி வந்தால் வரவேற்போம் என்றார். 1969இல் திரும்பிய அவர் ஆந்திரத்தின் அனந்தபூரில் குடியேறினார். 1970இல் இயேசு சபையிலிருந்து விலகி, ஆன் பெர்ரி என்பவரை மணந்தார். அங்கே அவர்கள் கட்டி எழுப்பிய ஊரக வளர்ச்சி அறக்கட்டளை பள்ளிகள், மருத்துவமனைகள், வீடுகள் என்று விரிந்தது. 2009 ஜூனில் அவர் இறந்தபோது அனந்தபூர் மாவட்டமே திரண்டு அஞ்சலி செலுத்தியது.

சட்டமும் குடியுரிமையும்

ஃபெரருக்கு வந்த உத்தரவு ஒரு காலகட்டத்தின் அடையாளம். விடுதலைக்குப் பிறகு அயல்நாட்டு மறைபணியாளர்கள் புதிதாக வருவதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. இந்தியர் கிடைக்காத தகுதி உள்ளவர்களுக்கே அனுமதி என்பது 1950களின் நடுவிலிருந்து கொள்கையாயிற்று. ஏற்கெனவே இங்கிருந்தவர்கள் காவல்துறையில் பதிவு செய்து, அனுமதியைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். பலர் ஸ்பானியக் கடவுச்சீட்டை விட்டு இந்தியக் குடியுரிமை பெற்றார்கள்.

புதியவர்கள் வருவது குறைந்ததால் பொறுப்புகள் இந்தியர்களின் கைக்கு விரைவில் மாறின. 1950இல் மும்பைப் பேராயராக வலேரியன் கிராசியாஸ் பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியரான அவர் 1953இல் கர்தினால் ஆனார்.

திசை மாறிய பயணம்

இதே காலத்தில் இந்தியர்கள் ஸ்பானியம் பேசும் நாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். கல்கத்தாவில் அன்னை தெரசா தொடங்கிய அன்பின் பணியாளர் சபை 1965இல் இந்தியாவுக்கு வெளியே முதல் இல்லத்தைத் திறந்தது. இடம் வெனிசுலா நாட்டின் கொக்கொரோத்தே. அங்கே மக்கள் பெயரளவில் கத்தோலிக்கர்கள். குருக்கள் மிகக் குறைவு. இந்தியாவிலிருந்து போன சகோதரிகளின் சிறு குழு ஸ்பானியம் கற்று, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லி, நோயாளிகளையும் முதியோரையும் வீடு தேடிப் போய்ப் பார்த்தது.

அந்தச் சபையின் நாளும் அதிகாலையிலேயே தொடங்குகிறது. ஐந்து மணிக்கு முன் எழுந்திருத்தல், செபம், திருப்பலி, துணி துவைத்தல், காலை உணவு. பிறகு இருவர் இருவராக வெளியே. நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, எளிய காலணி. போகும் வழியில் செபமாலை. எவர் வீட்டிலும் எதுவும் வாங்கி உண்பதில்லை. ஏழையின் வீட்டில் வாங்கி உண்டால் அவர்களுக்குச் சுமை, பணக்காரர் வீட்டில் மட்டும் உண்டால் ஏழைக்கு வருத்தம் என்பது காரணம். சபைக்குள் பொது மொழி ஆங்கிலம். தெருவில் அந்த ஊரின் மொழி. பைகுல்லாவில் உள்ள ஆஷா தான் இல்லத்தில் மும்பைக்காரர்கள் பார்க்கும் அதே ஒழுங்குதான் இலத்தீன் அமெரிக்க நகரங்களிலும்.

ஸ்பானியம் பேசும் மக்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் இளம் மறைபணியாளர்கள் மார்மன் எனப்படும் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையினர். உலகெங்கும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். பணிக்காலம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். செலவைக் குடும்பம் ஏற்கிறது. புது மொழி தேவைப்படுவோர் பயிற்சி மையத்தில் சில வாரங்கள் தீவிரமாகப் படித்துவிட்டுக் களத்துக்கு வருகிறார்கள். காலை ஆறரைக்கு எழுந்து, உடற்பயிற்சி, மறைநூல், மொழி என்று படித்துவிட்டு, எப்போதும் ஒரு துணையோடுதான் வெளியே போக வேண்டும். இரவு பத்தரைக்குள் படுக்கை. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும். 2019இலிருந்து வாரந்தோறும் வீட்டாருடன் தொலைபேசியில் பேசலாம். ஓரிரண்டு ஆண்டில் வீடு திரும்பிக் கல்லூரி, வேலை, திருமணம் என்று வாழ்க்கையைத் தொடர்கிறார்கள். ஸ்பானியத் துறவிகள் மும்பைக்கு எடுத்த முடிவு வாழ்நாள் முழுவதற்குமானது. கால அளவு வேறானாலும் விடியலில் எழுந்திருத்தல், துணையோடு வாழ்தல், முதலில் மொழி என்ற மூன்றும் இரு சாராருக்கும் பொது.

இன்றைய நிலை

மும்பையில் ஸ்பானியத் துறவிகளின் தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்கள் நடத்திய கல்லூரிகளும் பள்ளிகளும் பங்குகளும் இந்தியக் குருக்களிடம் உள்ளன. உலக இயேசு சபையில் இன்று இந்தியர்களின் எண்ணிக்கை எந்த நாட்டினரைக் காட்டிலும் அதிகம். தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் குருக்களும் சகோதரிகளும் ஸ்பெயினுக்கும் இலத்தீன் அமெரிக்காவுக்கும் போய்ப் பணி செய்கிறார்கள். ஸ்பானியம் படித்து முடிப்பதே அவர்களுக்கும் முதல் ஆண்டின் வேலை.

மறைபணியைப் பற்றி இந்தியாவில் கருத்து வேறுபாடுகள் உண்டு. மதமாற்றம் பற்றிய விவாதம் ஓயவில்லை. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பவரும் ஹேராஸின் பல்லவர் ஆய்வையும், வாலேஸின் குஜராத்தியையும், ஃபெரரின் கிணறுகளையும் மறுக்க முடியாது. மூவரும் வெவ்வேறு வேலை செய்தவர்கள். ஊரைத் திருத்த வேண்டும் என்று தொடங்காமல், ஊரைக் கற்க வேண்டும் என்று தொடங்கியது மூவருக்கும் பொது. ஒருவர் கல்வெட்டுகளிடமும், ஒருவர் விடுதி மாணவர்களிடமும், ஒருவர் உழவர்களிடமும் பாடம் கேட்டார்கள். இன்று அயல்நாடு போகும் நம்மூர் இளம் துறவிகளுக்கும், பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்குப் போகும் எவருக்கும் அந்த முறை பயன்படும்: முதல் சில ஆண்டுகளை மொழிக்கும் மனிதர்களுக்கும் முழுமையாகக் கொடுத்துவிடுவது.